ஆர்ஆர் போன்ற பதிவுக் கருவிகள்: எப்போதாவது தலைகாட்டும் வழுவைப் பிடிக்க உதவுமா?

நள்ளிரவு_நிரலர்:

வணக்கம். லினக்ஸில் ஓடும் ஒரு சி++ செய்தி வழங்கியை எங்கள் குழு பராமரித்து வருகிறது. இரவில் தானாக ஓடும் சோதனைகளின்போது எப்போதாவது அது கிராஷ் ஆகிவிடுகிறது. காலையில் கோர் டம்ப் (கிராஷ் ஆன நொடியில் நினைவகம் இருந்த நிலையின் நகல்) மட்டுமே எஞ்சியிருக்கிறது. எல்லா டம்ப்களிலும் ஒரே காட்சிதான். ஒரு பயனர் இணைப்புக்கான ஆப்ஜெக்டின் முதல் எட்டு பைட்டுகளில், அதாவது விர்ச்சுவல் டேபிளின் (அந்த ஆப்ஜெக்டின் ஃபங்ஷன்களைச் சுட்டும் அட்டவணையின்) முகவரி இருக்க வேண்டிய இடத்தில், சம்பந்தமே இல்லாத ஒரு சிறிய எண் இருக்கிறது. அதை எழுதிய ஃபங்ஷன் தன் வேலையை முடித்துக்கொண்டு எப்போதோ திரும்பிவிட்டதால், அடிபட்டது யார் என்று டம்ப் சொல்கிறதே தவிர, அடித்தது யார் என்று சொல்வதில்லை.

தவறான நினைவக அணுகலைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசரை ஓட்டிப் பார்த்தோம். அது எதையும் காட்டவில்லை. சிறிய ஆப்ஜெக்டுகளை எங்கள் சொந்த மெமரி பூலிலிருந்து (முன்கூட்டியே ஒதுக்கிவைத்த நினைவகத் தொகுப்பிலிருந்து) எடுப்பதால், பூலுக்குள் ஓர் இடம் கைமாறுவது சானிடைசருக்குத் தெரிவதில்லை என்று நினைக்கிறேன். பூலை நீக்கிவிட்டு நினைவகம் ஒதுக்கும் வழக்கமான ஃபங்ஷனான மாலக்கை நேரடியாகப் பயன்படுத்தினால் கிராஷ் வருவதே நின்றுவிடுகிறது. லாக் வரிகளைச் சேர்த்தாலும் அப்படித்தான்.

லினக்ஸுக்கான ஆர்ஆர் (rr) என்ற கருவியால் நிரலின் ஓட்டத்தை முழுவதுமாகப் பதிவுசெய்துகொண்டு, கிராஷ் ஆன புள்ளியிலிருந்து பின்னோக்கிச் சென்று பார்க்க முடியும் என்று படித்தேன். எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. நொடிக்குப் பல நூறு கோடி ஆணைகளை இயக்கும் ஒரு நிரலை எப்படிப் பதிவுசெய்வது, வட்டு தாங்குமா? மேலும், மறுபடி ஓட்டும்போது வருவது உண்மையிலேயே அதே ஓட்டமா, அல்லது அதைப் போன்ற இன்னொன்றா?

பின்னோட்டம்:

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆர்ஆர் ஒவ்வோர் ஆணையையும் பதிவுசெய்வதில்லை. ஒரு நிரலின் தொடக்க நிலையும் வெளியிலிருந்து அதற்குள் நுழைபவையும் தெரிந்துவிட்டால், இடையில் நடக்கும் கணக்குகள் அனைத்தையும் பிராசசரே மறுபடி ஒருமுறை அச்சு மாறாமல் செய்துவிடும். ஆகவே வெளியிலிருந்து நுழைபவற்றை மட்டும் எழுதி வைத்தால் போதும். சிஸ்டம் கால்கள் (நிரல் இயங்குதளத்திடம் விடுக்கும் அழைப்புகள்) திருப்பித் தந்த மதிப்புகள், அவை நினைவகத்தில் நிரப்பிய தரவுகள், வந்துசேர்ந்த சிக்னல்கள், ஒரு த்ரெட்டை (நிரலுக்குள் தனித்து ஓடும் ஓட்டக்கிளையை) நிறுத்தி இன்னொன்றை ஓடவிட்ட தருணங்கள், பிராசசரின் கடிகாரத்தைப் படிக்கும் ஆணைகளுக்குக் கிடைத்த விடைகள் ஆகியவையே அவை. மறு ஓட்டத்தில் நிரல் ஒரு சாக்கெட்டைப் படிக்க முயன்றால் உண்மையான சாக்கெட் எதுவும் திறக்கப்படுவதில்லை. அன்று வந்த அதே பைட்டுகள் பதிவிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகின்றன.

இதில் கடினமான பகுதி அந்தத் "தருணம்" என்பதுதான். ஒரு சிக்னலோ த்ரெட் மாற்றமோ எந்த ஆணையின் மீது நடந்தது என்பதைத் துல்லியமாகக் குறித்தால்தான், மறு ஓட்டத்தில் அதே ஆணையின் மீது அதை நிகழ்த்த முடியும். கடிகார நேரம் இதற்கு உதவாது. பிராசசருக்குள் இருக்கும் செயல்திறன் எண்ணிகளை ஆர்ஆர் இதற்குப் பயன்படுத்துகிறது. முடிவுற்ற ஆணைகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். ஆனால் அந்த எண்ணி, குறுக்கீடுகளும் பேஜ் ஃபால்ட்டுகளும் நேரும்போது ஒன்றிரண்டு கூடக் குறைய எண்ணிவிடுகிறது. நிபந்தனைக் கிளைகளை (நிபந்தனையைப் பொறுத்துத் தாவும் ஆணைகளை) மட்டும் எண்ணும் எண்ணி இன்டெல் பிராசசர்களில் பிசகாமல் எண்ணுவதால், அந்த எண்ணிக்கையையும் ரெஜிஸ்டர்களின் மதிப்புகளையும் சேர்த்து ஒரு தருணத்தின் முகவரியாகக் கொள்கிறார்கள். குறித்த எண்ணிக்கைக்குச் சற்று முன்பாகவே மறு ஓட்டத்தை நிறுத்திவிட்டு, மீதித் தூரத்தைச் சிறு சிறு அடிகளாகக் கடந்து அதே ஆணையை அடைகிறார்கள்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. இரண்டு த்ரெட்டுகள் இரண்டு கோர்களில் (பிராசசரின் தனித்தனிக் கணிப்பகுதிகளில்) ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தைத் தொட்டால், எது முந்தியது என்பதை இந்த எண்ணிகளால் அறிய முடியாது. அதனால் ஆர்ஆர் எல்லா த்ரெட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓடவிடுகிறது. எட்டுக் கோர்களை நிரப்பும் நிரலை இதில் ஓட்டினால் அது எட்டில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். அதிக இணையோட்டம் இல்லாத நிரல்கள் பெரும்பாலும் இரண்டு மடங்குக்கும் குறைவான தாமதத்திலேயே முடிந்துவிடுகின்றன. மொசில்லாவில் ஃபயர்ஃபாக்ஸின் சோதனைகளில் விட்டுவிட்டு வரும் தோல்விகளைப் பிடிப்பதற்காகத்தான் இது பிறந்தது. 2014-இல் முதல் வெளியீடு வந்தது. ராபர்ட் ஓ'கல்லஹனும் உடன் பணியாற்றியவர்களும் 2017-இல் யூசெனிக்ஸ் மாநாட்டில் அளித்த கட்டுரையில் இந்த வடிவமைப்பை முழுமையாக விளக்கியிருக்கிறார்கள்.

வட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சிஸ்டம் கால்களின் தரவு மட்டுமே சுருக்கப்பட்டு எழுதப்படுகிறது. நிரல் படிக்கும் பெரிய கோப்புகளைக்கூட, பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பமைப்புகளில், நகலெடுக்காமல் பகிர்ந்துகொள்ளும் வசதி இருக்கிறது.

லாக்_போதும்:

கருவி அழகானதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேலே நண்பர் விலை என்று ஒரு வரியில் கடந்து போனது, இந்த வழுவைப் பொறுத்தவரை வெறும் வேகக் குறைவு மட்டும்தானா? லாக் வரியைச் சேர்த்தாலே மறைந்துவிடும் ஒரு வழு, எல்லா த்ரெட்டுகளையும் ஒற்றைக் கோரில் வரிசையில் நிற்கவைத்தால் மட்டும் எப்படித் தலைகாட்டும்? வராத வழுவை எவ்வளவு துல்லியமாகப் பதிவுசெய்தும் பயனில்லை.

மேலும், சானிடைசரை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். சொந்த பூல் வைத்திருப்பவர்களுக்காகவே, ஒரு நினைவகப் பகுதியை நச்சிட்டதாகக் குறிக்கும் மேக்ரோக்களை அது தருகிறது. பூலுக்கு ஓர் இடம் திரும்பும்போது நச்சிடுங்கள். மறுபடி வழங்கும்போது நச்சை நீக்குங்கள். இடையில் யாராவது தொட்டால் அந்தக் கணமே பிடிபடுவார்கள். இருபது வரிகளில் முடிகிற வேலை இது.

நள்ளிரவு_நிரலர்:

நச்சிடும் வழியையும் செய்து பார்த்தோம், ஐயா. எங்கள் பூல் கடைசியாகத் திரும்பிய இடத்தையே முதலில் வழங்கும் வகையைச் சேர்ந்தது. ஓர் இடம் திரும்பிய அடுத்த சில மைக்ரோ நொடிகளில் வேறொரு ஆப்ஜெக்டுக்குப் போய்விடுகிறது. பழைய பாயிண்டரை வைத்திருப்பவர் எழுத வரும்போது அந்த இடம் நச்சு நீங்கிச் சட்டப்படி செல்லத்தக்க இடமாக இருப்பதால் சானிடைசர் மௌனமாக இருந்துவிடுகிறது. திரும்பிய இடங்களைச் சற்று நேரம் ஒதுக்கி வைக்கும்படி பூலை மாற்றினால் நேரக் கணக்கு மாறிவிடுகிறது, கிராஷும் போய்விடுகிறது.

தறிக்கோல்:

ஒற்றைக் கோர் குறித்து லாக்_போதும் எழுப்பிய ஐயம் நியாயமானது. ஆர்ஆரை உருவாக்கியவர்களே அதை எதிர்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய அனுபவத்திலும், சில சோதனைகள் வெளியே தோற்றுவிட்டு ஆர்ஆருக்குள் எத்தனை முறை ஓட்டினாலும் வெற்றியே பெற்றன. அதற்கு விடையாக 2016-இல் வந்ததுதான் கேயாஸ் நிலை. பதிவுசெய்யும்போது அந்தத் தெரிவைச் சேர்த்தால், த்ரெட்டுகளின் முன்னுரிமையையும் ஒரு த்ரெட் தொடர்ந்து ஓடும் கால அளவையும் ஆர்ஆர் குலுக்கல் முறையில் மாற்றிக்கொண்டே இருக்கும். சில வேளைகளில் ஒரு த்ரெட்டை வேண்டுமென்றே நெடுநேரம் பட்டினி போட்டு, மற்றவற்றை ஓடவிடும். எந்த த்ரெட் எப்போது ஓடும் என்று முடிவுசெய்யும் இயல்பான ஷெட்யூலர் நியாயமாக நடந்துகொள்வதால் பல ஆண்டுகளாக மறைந்திருந்த இடைவெளிகள், நியாயமற்ற ஷெட்யூலரிடம் சில மணி நேரத்தில் வெளிப்பட்டுவிடுவதுண்டு.

இங்கே இரண்டு வகை வழுக்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு த்ரெட் தன் வேலையின் நடுவில் நின்றுவிட, அந்த இடைவெளியில் இன்னொன்று வந்து நிலைமையை மாற்றிவிடுவதால் வரும் வழு ஒரு வகை. அதற்கு உண்மையான இணையோட்டம் தேவையில்லை. தவறான இடத்தில் ஒரு மாற்றம் நேர்ந்தால் போதும், ஒற்றைக் கோரிலும் அது வரும். இரண்டு கோர்களின் எழுத்துகள் ஒன்றுக்கொன்று வரிசை மாறித் தெரிவதால் வரும் வழு, அதாவது மெமரி பேரியரை (எழுத்துகளின் வரிசையைக் காக்கும் ஆணையை) விட்டுவிட்டதால் வருவது, இன்னொரு வகை. இரண்டாம் வகையை ஆர்ஆரால் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் ஒரே கோரில் ஓடும் த்ரெட்டுகளுக்கு எல்லா எழுத்துகளும் வரிசை மாறாமலே தெரியும். மேலே சொல்லப்பட்ட அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், கைமாறிய இடத்தில் பழைய உரிமையாளர் எழுதுவது பெரும்பாலும் முதல் வகை.

ஆகவே என் பரிந்துரை இது: சோதனையைக் கேயாஸ் நிலையில் ஒரு சுழலில் இரவு முழுவதும் ஓடவிடுங்கள், வெற்றி பெற்ற ஓட்டங்களின் பதிவுகளை உடனுக்குடன் அழித்துவிட்டு, தோற்றது கிடைத்தவுடன் சுழலை நிறுத்திவிடுங்கள். ஒரே ஒரு தோல்வி போதும். அதை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப ஓட்டலாம் என்பதுதான் இதில் இருக்கும் பேறு.

நள்ளிரவு_நிரலர்:

ஆர்ஆரை நிறுவிப் பார்த்தேன், தொடக்கத்திலேயே தடை. சோதனைகள் ஓடும் வாடகை மேகக் கணினியில், செயல்திறன் எண்ணிகளை அணுக முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடுகிறது. என் மேசைக் கணினியில் ஏஎம்டி ரைசன் பிராசசர். அதில் வேறொரு எச்சரிக்கை வருகிறது.

பின்னோட்டம்:

முதல் தடைக்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். கர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்), எண்ணிகளை யார் அணுகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் பெர்ஃப்_ஈவென்ட்_பாரனாய்ட் என்னும் அமைப்பின் மதிப்பு 1 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். பல லினக்ஸ் வழங்கல்களில் அது அதைவிட உயர்வாகவே வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் குறைத்த பிறகும் அதே பிழை வந்தால், உங்கள் மெய்நிகர் கணினிக்கு எண்ணிகளே வழங்கப்படவில்லை என்று பொருள். அப்படியானால் நிரல் மட்டத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை; எண்ணிகளைத் திறந்துவிடும் வகைக் கணினியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அல்லது நேரடி வன்பொருளில் ஓட்ட வேண்டும்.

ரைசனில், ஸ்பெக்லாக்மேப் என்ற உள்வசதி கிளை எண்ணியைப் பிசகச் செய்கிறது. அதை முடக்குவதற்கான சிறு ஸ்கிரிப்ட் ஆர்ஆரின் மூலத்துடனேயே வருகிறது. கணினியை மறுபடி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதை ஓட்ட வேண்டும்.

இன்னும் சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் ஆர்ஆர் நடுவில் வந்து ஒட்டிக்கொள்ளாது. தொடக்கத்திலிருந்தே அதன் கீழ் ஓட்ட வேண்டும். பதிவுக்கு வெளியே இருக்கும் ஒரு பிராசஸுடன் உங்கள் நிரல் நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டால், அந்த வெளியாள் எழுதுவது பதிவில் வராது. கர்னல் பின்னணியில் தன்போக்கில் எழுதும் ஐஓ-யூரிங் என்ற உள்ளீட்டு-வெளியீட்டு வசதிக்கும் அதே சிக்கல் என்பதால், அப்படி ஒரு வசதியே கர்னலில் இல்லை என்று ஆர்ஆர் நிரலிடம் சொல்லிவிடுகிறது. உங்கள் வழங்கியில் அதற்கு மாற்றாக ஈபோல் (எந்த இணைப்பில் தரவு தயாராக இருக்கிறது என்று அறிவிக்கும் வசதி) வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாளரவாசி:

பேச்சு முழுவதும் லினக்ஸைச் சுற்றியே இருப்பதால் விண்டோஸ் பக்கத்தையும் சொல்லிவைக்கிறேன். மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகளாகத் தனக்குள் பயன்படுத்திவந்த டைம் டிராவல் டீபக்கிங் 2017-இல் வின்டிபிஜி என்ற வழுநீக்கியின் புதிய பதிப்புடன் பொதுவில் வந்தது. அதன் அணுகுமுறை முற்றிலும் வேறு. நிரலின் ஆணைகளை ஓர் எமுலேட்டரின் (பிராசசரைப் போலச் செயல்படும் நிரலின்) வழியாக இயக்கி, ஒவ்வொரு த்ரெட்டும் நினைவகத்திலிருந்து படிக்கும் மதிப்புகளையே அது பதிவுசெய்கிறது. முன்பே ஊகிக்கக்கூடிய மதிப்புகளை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் எழுதுவதால் அளவு ஓரளவு கட்டுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டும் தான் படித்தவற்றைத் தானே வைத்திருப்பதால், த்ரெட்டுகள் உண்மையிலேயே இணையாக ஓடலாம்; ஒற்றைக் கோர் கட்டுப்பாடு கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸிலும் போய் ஒட்டிக்கொள்ளலாம்.

விலை வேகத்தில் தெரியும். பத்து முதல் இருபது மடங்கு மந்தமாகும் என்று மைக்ரோசாஃப்டின் ஆவணமே சொல்கிறது. பதிவுக் கோப்பும் மளமளவென்று வளரும். பயனர் நிலை நிரல்களை மட்டுமே பதிவுசெய்யும், டிரைவர்களைத் தொடாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பின்னோக்கி நடப்பதைவிட, பதிவிடம் நேரடியாகக் கேள்வி கேட்க முடிவதுதான். இந்த ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்பட்டது, அவற்றுள் எவை பிழைக் குறியைத் திருப்பித் தந்தன, இந்த முகவரியில் யாரெல்லாம் எழுதினார்கள் என்று கேட்டால் ஒரு பட்டியலாகவே வந்துவிடும். பட்டியலின் எந்த வரியைத் தேர்ந்தெடுத்தாலும் வழுநீக்கி அந்தத் தருணத்துக்குத் தாவும்.

பின்னோட்டம்:

கேள்வி கேட்கும் அந்த எண்ணம் மிகப் பழையது என்பதைச் சற்று விலகிச் சொல்லிவிடுகிறேன். 1969-இலேயே ராபர்ட் பால்சர், நிரலின் வரலாற்றை ஒரு நாடாவில் எழுதி, ஒரு மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடும் எக்ஸ்டாம்ஸ் என்ற அமைப்பை விவரித்தார். 2003-இல் பில் லூயிஸ் ஜாவாவுக்காகச் செய்த அனைத்தறி வழுநீக்கி ஒவ்வொரு மாறியின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்துவைத்தது. ஓகேமல் மொழியின் வழுநீக்கியோ, நிரலை ஃபோர்க் செய்து (ஓடும் நிலையிலேயே நகலெடுத்து) செக்பாயிண்டுகளாக, அதாவது திரும்பிச் செல்லக்கூடிய புள்ளிகளாக, வைத்துக்கொண்டு நெடுங்காலமாகவே பின்னோக்கிச் சென்றுவருகிறது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் ஜிடிபி வழுநீக்கியிலும் 2009-இல் வந்த 7.0 பதிப்பு முதல் தனக்கென ஒரு பதிவு வசதி இருக்கிறது. ஆனால் அது ஆணை ஆணையாக நிறுத்தி எழுதுவதால் மிக மந்தமானது. இயல்பாக இரண்டு லட்சம் ஆணைகளை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். ஒரு ஃபங்ஷனுக்குள் சுற்றிப் பார்க்க அது போதும். ஒரு வழங்கிக்குப் போதாது. பின்னோக்கிய வழுநீக்கம் உதவாது என்று சொல்பவர்களுள் பலர் இந்த வசதியை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்பவர்கள் என்பது என் எண்ணம்.

ஆர்ஆர் பின்னோக்கிச் செல்வதும் உண்மையில் முன்னோக்கிய ஓட்டம்தான். முந்தைய ஒரு செக்பாயிண்டுக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி ஓடிவந்து, நீங்கள் நின்ற இடத்துக்கு முன்பாகக் கடைசியாக வாட்ச்பாயிண்ட் (ஒரு முகவரியில் உள்ள மதிப்பு மாறும்போது ஓட்டத்தை நிறுத்தும் குறி) எங்கே தட்டியது என்று பார்த்து, அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. அதை உருவாக்கியவர்களுள் சிலர் பின்னர் தொடங்கிய பெர்னோஸ்கோ, ஆர்ஆரின் பதிவை மறுபடி ஓட்டி அதிலிருந்து ஒரு தரவுத்தளத்தைக் கட்டுகிறது. திரையில் தெரியும் ஒரு மதிப்பைச் சொடுக்கினால் அது பிறந்த இடத்தைக் காட்டுகிறது. பதிவுசெய்வதை மலிவாகவும் ஆராய்வதை விரிவாகவும் வைத்துக்கொள்ளும் இந்தப் பிரிவினை, இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முயன்ற பழைய கருவிகளுக்கு இல்லை.

நள்ளிரவு_நிரலர்:

பிடிபட்டது. இதே சிக்கலோடு வருபவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

எண்ணிகள் திறந்திருக்கும் ஒரு கணினியில், தறிக்கோல் சொன்னபடியே கேயாஸ் நிலையில் சோதனையைச் சுழலில் விட்டோம். விடிவதற்குள் ஒரு தோல்வி பதிவாகியிருந்தது. அதைத் திறந்து முதலில் கிராஷ் வரை ஓடவிட்டேன். இணைப்பு ஆப்ஜெக்டின் முகவரியை எடுத்துக்கொண்டு, அதன் முதல் எட்டு பைட்டுகளின் மீது வன்பொருள் வாட்ச்பாயிண்ட் வைத்து, பின்னோக்கி ஓட்டும் ரிவர்ஸ்-கண்டினியூ கட்டளையைக் கொடுத்தேன். முதலில், கிராஷின்போது வந்த செக்மெண்டேஷன் சிக்னலின் மீதே மறுபடி நின்றது. பின்னோக்கிக் கிளம்பும்போது இது இயல்பு என்று அறிகிறேன். இரண்டாம் முறை கொடுத்ததும் எழுதியவரின் மீது போய் நின்றது. இணைப்புகளோடு நேரடித் தொடர்பே இல்லாத டைமர் த்ரெட் அது. ஒரு டைமர் பதிவின் (ஒரு டைமரின் விவரங்களை வைத்திருக்கும் ஆப்ஜெக்டின்) மீதமுள்ள நேரத்தைக் குறைத்து எழுதிக்கொண்டிருந்தது. டம்ப்களில் தெரிந்த அந்தச் சிறிய எண் மீதமுள்ள நேரம்தான். டைமர் பதிவும் இணைப்பு ஆப்ஜெக்டும் பூலில் ஒரே அளவு வகுப்பைச் சேர்ந்தவை. டைமர் பதிவின் முதல் உறுப்பு அந்த நேரக் கணக்கு.

எழுதியவர் யார் என்று தெரிந்தாலும், டைமர் உயிரோடு இருக்கும்போதே அதன் இடம் ஏன் திரும்பியது என்பது தெரியவில்லை. ஆகவே அந்த இடத்திலிருந்தே, பூலுக்குத் திருப்பித் தரும் ஃபங்ஷனில் இந்த முகவரிக்கு மட்டும் நிற்கும்படி நிபந்தனை பிரேக்பாயிண்ட் வைத்து, மேலும் பின்னோக்கிச் சென்றேன். மறு ஓட்டத்தில் முகவரிகள் சற்றும் மாறுவதில்லை என்பதால்தான் இப்படிக் கேட்க முடிந்தது. சாதாரணமாக மறுபடி ஓட்டினால் ஒவ்வொரு முறையும் அந்த ஆப்ஜெக்ட் வேறெங்கோ போயிருக்கும். நின்ற இடம் இணைப்பை மூடும் ஃபங்ஷன். அது டைமரை ரத்துசெய்யும்படி கேட்கிறது, பிறகு டைமர் பதிவின் இடத்தைத் திருப்பித் தருகிறது. அந்த ரத்து அழைப்பு "பட்டியலில் இல்லை" என்று பிழைக் குறியைத் திருப்பித் தந்திருக்கிறது. மூடும் ஃபங்ஷன் அதைப் பார்க்கவே இல்லை.

ஏன் பட்டியலில் இல்லை? டைமர் த்ரெட் பூட்டைப் பிடித்துக்கொண்டு, காலம் நெருங்கிய பதிவுகளைப் பொதுப் பட்டியலிலிருந்து தன் சொந்தப் பட்டியலுக்கு மாற்றிக்கொள்கிறது. பிறகு பூட்டை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கவனிக்கிறது. பூட்டை விட்டதற்கும் கவனிப்பதற்கும் இடையில் டைமர் த்ரெட் நிறுத்தப்பட்டால், அந்த டைமர் பதிவு டைமர் த்ரெட், மூடும் ஃபங்ஷன் இரண்டின் கையிலும் இருக்கிறது, பொதுப் பட்டியலில் மட்டும் இல்லை. கேயாஸ் நிலை அந்த த்ரெட்டை அங்கேயே பட்டினி போட்டிருக்கிறது. இந்த நிரற்பகுதி இன்று குழுவில் இருக்கும் எல்லோருக்கும் முந்தையது.

வழங்கிக்குள் இருக்கும் நிலைகாட்டும் ஃபங்ஷன்களை மறு ஓட்டத்தின் நடுவில் ஜிடிபியிலிருந்து அழைக்கவும் முடிந்தது. அவை நினைவகத்தை மாற்றினால் பதிவு கெட்டுவிடாதா என்று தயங்கினேன்.

தறிக்கோல்:

கெடாது. அப்படி அழைக்கும்போது ஆர்ஆர் ஒரு தற்காலிகக் கிளை நகலை உண்டாக்கி, அதில் மட்டும் அந்த ஃபங்ஷனை ஓட்டி, விடையைக் காட்டியதும் நகலை வீசிவிடுகிறது. அதே காரணத்தால், மறு ஓட்டத்தின் நடுவில் ஒரு மாறியை மாற்றிவிட்டு, இப்படி இருந்திருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்று பார்க்க முடியாது. நடந்தது நடந்ததுதான், திருத்தம் சரியா என்று சோதிக்கப் புதிய ஓட்டம் தேவை. உங்கள் திருத்தத்தையும் கேயாஸ் நிலையிலேயே சோதித்துப் பாருங்கள்.

லாக்_போதும்:

வாழ்த்துகள். எழுதியவரைக் கண்ட பிறகும் அங்கே நின்றுவிடாமல், இடம் ஏன் திரும்பியது என்று அடுத்த கேள்வியை அதே பதிவிடம் கேட்டதுதான் இதில் சிறப்பு. லாக் எழுதுபவர் எந்தக் கேள்வி வரும் என்பதை முன்கூட்டியே ஊகித்தாக வேண்டும். டைமர் பக்கம் யாரும் லாக் போட்டிருக்க மாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரத்துசெய்யும் ஃபங்ஷனில் நோடிஸ்கார்ட் குறிப்பு ஒன்று இருந்திருந்தால், திரும்பிய மதிப்பைக் கவனிக்கவில்லை என்று கம்பைலரே எச்சரித்திருக்கும். பதிவுக் கருவி கைக்கு வந்துவிட்டது என்பதற்காக அந்த எச்சரிக்கைகளை இயக்காமல் விட்டுவிடாதீர்கள்.

தயாரிப்புத் தளத்தில் இதை ஓட்டலாம் என்று நாளை உங்கள் மேலாளர் சொன்னால், தயங்குங்கள். வேகம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வழங்கிக்கு வந்த ஒவ்வொரு பைட்டும் அந்தப் பதிவில் இருக்கிறது என்பது. பயனர்களின் கடவுச்சொற்கள், செய்திகள், நினைவகத்தில் பிரித்துவைத்த மறையாக்கச் சாவிகள் எல்லாமே மறு ஓட்டத்தில் திரும்ப உயிர்பெறும். லாக் கோப்பில் கடவுச்சொல்லை மறைத்து எழுத வழி உண்டு; இதில் மறைத்தால் மறு ஓட்டமே தடம்புரண்டுவிடும். சோதனைத் தரவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

நள்ளிரவு_நிரலர்:

தயாரிப்புத் தளத்துக்குக் கொண்டுபோகும் எண்ணம் இல்லை. தோற்ற சோதனைகளின் பதிவுகளை மட்டும் ஒரு வாரம் வைத்திருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நோடிஸ்கார்டையும் சேர்த்துவிட்டோம், வேறு இரண்டு இடங்களிலும் எச்சரிக்கை வந்தது. கடைசியாக ஒரு கேள்வி: சோதனைக் கணினியில் எடுத்த பதிவை என் மேசைக் கணினிக்குக் கொண்டுவந்து ஓட்ட முடியுமா? அது இன்டெல், இது ரைசன்.

பின்னோட்டம்:

கொண்டுவருவதற்கு முன் பதிவின் மீது ஆர்ஆர் பேக் கட்டளையை ஓட்டுங்கள். இயல்பான நிலையில் பதிவு, நிரலின் இருமக் கோப்பையும் நூலகங்களையும் அந்தக் கணினியின் வட்டிலேயே சுட்டிக்கொண்டிருக்கும். பேக் அவற்றையெல்லாம் பதிவின் கோப்புறைக்குள் கொண்டுவந்துவிடும்.

பிராசசர் வேறுபாடுதான் சிக்கலானது. சி நூலகமே தொடக்கத்தில் பிராசசரின் திறன்களைக் கேட்டு, நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனின் அதற்கேற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஏவிஎக்ஸ்-512 என்ற கூடுதல் ஆணைத்தொகுதி உள்ள கணினியில் எடுத்த பதிவை அது இல்லாத கணினியில் ஓட்டினால், இல்லாத ஆணையின் மீது போய் நிற்கும். பதிவுசெய்யும்போதே குறிப்பிட்ட திறன்களை நிரலிடமிருந்து மறைக்கும் தெரிவு ஆர்ஆரில் இருக்கிறது. பிராசசரின் திறன்களைச் சொல்லும் சீபியுஐடி ஆணையை இடைமறிக்கும் வசதி பிராசசரில் இருந்தால் அது வேலை செய்யும். இன்டெலிலிருந்து ஏஎம்டிக்குப் போவதை நான் நம்பி இறங்க மாட்டேன். பதிவை அங்கேயே விட்டுவிட்டு, எஸ்எஸ்எச் வழியாக அந்தக் கணினியில் நுழைந்து மறு ஓட்டம் நடத்துவதே எளிது; ஜிடிபிக்கு ஒரு டெர்மினல் போதும்.